இழப்பு, பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு

வீட்டு நம்பர் இல்லாமல் ஃபைபர் தர ஏலாதாம்.
முதலில் தொலைபேசி, பிறகுதான் வெளிச்சம்.
ஆரும் பேசப்போகாத ஒரு கருவிக்காகச்
சுவரில் இரண்டு ஆணி அறைந்தேன்.

கற்சிலைமடுச் சந்தியிலிருந்து உள்ளே
எழுநூறு மீற்றர். கொங்கிறீற் தூண் பதினாலு.
பன்னிரண்டாவதை மாசியில் யானை சாய்த்தது.
விண்ணப்பத்தில், அருகிலுள்ள அடையாளம் என்ற கட்டத்தில்
"சாய்ந்த தூண்" என்று எழுதிக் கொடுத்தேன்.
வந்தவர்கள் அதை நிமிர்த்திவிட்டு
வீட்டைத் தேடித் திரிந்தார்கள்.

என் தொழில் கலியாணம்.
மற்றவர்களின் கலியாணம்.
வீடியோவை வெட்டி ஒட்டுவது,
மாப்பிள்ளை கொட்டாவி விட்ட இடத்தில்
மேளகாரரைக் காட்டுவது.
தாலி கட்டும் நாலு நிமிசம் மட்டும் ஆறு ஜீபி.
அதைப் பேர்ணுக்கு அனுப்ப
இரவு பத்துக்குமேல் தண்ணித் தாங்கியில் ஏறி
போனை மேற்குப் பக்கம் நீட்டியபடி இருப்பேன்.
தொண்ணூற்றாறு வீதத்தில் அறும்.
சரிவராவிட்டால் பென்ட்ரைவைச் சொப்பிங் பையில் சுற்றி
வவுனியா பஸ் கொண்டக்டர் சிவகடாட்சத்திடம் கொடுப்பேன்.
எத்தனை மணப்பெண்கள்
அவருடைய காசுப் பைக்குள் கிடந்து
நெடுங்கேணிக் குழிகளில் குலுங்கிப் போனார்கள்.

நேற்றுக் காலை இரண்டு பேர்.
ஏணியில் கஜீபன். கீழே கலேவெலையிலிருந்து துசார;
தமிழில் எண்கள் மட்டும் தடுமாறாமல் வரும் அவருக்கு.
"இது வயர் இல்லை அக்கா, கண்ணாடி."
கறுப்புத் தோலை உரித்துக் காட்டினான் கஜீபன்.
ஒன்றும் தெரியவில்லை.
வெயிலில் சரித்துப் பிடிக்க
என் நரைமுடி ஒன்றுபோல மினுங்கியது.
"தொடாதேங்கோ. முறிஞ்ச துண்டு தோலுக்குள்ள போனா
ஸ்கானிலயும் தெரியாது."
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஸ்கானில் தெரிகிற துண்டுகள் இரண்டு
இடது தொடையில் இருக்கின்றன.
சொல்லவில்லை. தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வர, கதிரையில் சின்னதாய் ஒரு பெட்டி.
கண்ணாடி நுனிகள் அதன் திரையில்
உலக்கைப் பருமனில் எதிரெதிரே நின்றன.
நெருங்கின. ஒரு பொறி.
பிறகு ஒரே கோடு.
எந்த இடத்தில் ஒட்டியதென்று பிடிபடவில்லை,
வெட்டி ஒட்டிப் பிழைக்கிற எனக்கே.
துசார திரையை வாசித்தார்:
"லொஸ், பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு. நல்லம்."
"லொஸ் எண்டா இழப்பு அக்கா," என்றான் கஜீபன்
ஏணியிலிருந்தபடி.

இழப்புக்கு எங்களிடம் வேறு படிவங்கள்.
நீல நிறம், மூன்று பிரதி, ஜீ.எஸ் கையொப்பம்.
தென்னை இருபத்தெட்டு.
மாடு பதினொன்று, கன்றுகள் சேர்க்கப்படமாட்டா.
ஓடு. கிணற்றுக் கட்டு. தையல் மெசின்.
அடுத்த கட்டத்தில் எழுதத் தொடங்கிய பெயர்
கோட்டைத் தாண்டிப் போனது.
அக்காவுக்கு அவ்வளவு நீளமான பெயர்.
முதலெழுத்து மட்டும் போதுமென்றார் கிளார்க்.

தசமத்துக்கு அங்கால், இவ்வளவு தள்ளி,
ஒரு இழப்பு இருக்கலாமென்று
எனக்குத் தெரியாது.

ரவுட்டரில் சிவப்பு மினுங்கியது, மினுங்கியது,
பச்சையானது.
பாஸ்வேர்ட் கேட்டார்கள்.
சிவகடாட்சம் என்று போடச் சொன்னேன்.
மனுசனுக்கு இனி என்னால் வேலை இல்லை.

பின்னேரம் பேர்ண் கலியாணம் முழுவதும்
பதினேழு நிமிசத்தில் போய்விட்டது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பழக்கத்தில் தாங்கியில் ஏறி இருந்தேன், போன் இல்லாமல்.
நிமிர்த்திய தூணில் மயில்.

அப்போது உள்ளே அது அடித்தது.
அந்த நம்பர் எனக்கே இன்னும் பாடமில்லை.
இறங்கி ஓடி எடுத்தேன்.
"ஹலோ, கமநல நிலையமோ? யூரியா வந்திட்டுதோ?"
பிழையான நம்பர் ஐயா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
யன்னலுக்கு வெளியே பக்கத்து வயலும்
மஞ்சளாய்த்தான் கிடந்தது.
"இன்னும் வரேல்ல," என்றேன்.
"தெரியும் பிள்ளை. எண்டாலும் கேக்கத்தானே வேணும்."
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
லைன் அவ்வளவு தெளிவு.
அவர் பக்கத்தில் எங்கேயோ
ஒரு வாட்டர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.